முத்திரை குத்தும் அரசியல்: சில வசைகள் கொடியாகின்றன, சில வசைகள் கோப்பாகின்றன

அரசியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு தலைவர் எதிர்த்தரப்பினரை இழிவான பெயர் சொல்லி அழைக்கிறார். சில நாளில் அந்தத் தரப்பினர் அதே பெயரைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறார்கள். இன்னொரு நாட்டில், கேட்பதற்குச் சாதுவான ஒரு பெயர் சிலருக்குச் சூட்டப்படுகிறது. அவர்கள் வேலையை இழக்கிறார்கள், வீட்டை இழக்கிறார்கள், சில சமயம் உயிரையும் இழக்கிறார்கள்.

வசை எவ்வளவு கடுமையோ அவ்வளவு ஆபத்து என்று நினைப்பது இயல்பு. வரலாறு பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. 'பிச்சைக்காரர்கள்', 'கொள்ளைக்காரர்கள்', 'சட்டையில்லாதவர்கள்' போன்ற முரட்டு வசைகள் பெருமைக்குரிய கட்சிப் பெயர்களாகியிருக்கின்றன. 'வலதுசாரி' என்ற, ஒரு திசையைத் தவிர வேறெதையும் சொல்லாத சொல் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையை முடக்கியிருக்கிறது. சொல்லின் காரத்தைவிட, அதற்குப் பின்னால் யார் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

## முதலில் நான்கு வகைகள்

எதிராளியைப் பற்றிச் சொல்லப்படும் கடுஞ்சொல் எல்லாம் ஒரே ரகம் அல்ல. குறைந்தது நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. விமர்சனம். ஒருவர் செய்த காரியத்தைப் பற்றியது. 'இந்த வரி ஏழைகளைத்தான் அதிகம் பாதிக்கும்' என்பது விமர்சனம். கணக்குக் காட்டி மறுக்கலாம்.

2. பட்டப்பெயர். ஒரு தனி ஆளின் மேல் ஒட்டுவது. பெரும்பாலும் அவரோடு முடிந்துவிடும்.

3. முத்திரை. ஒரு கூட்டத்துக்கே சூட்டுவது. இதற்குள் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்ற எல்லை தெளிவாக இருக்காது. அந்தத் தெளிவின்மையே அதன் பலம்.

4. பதிவு. முத்திரையானது ஒரு பட்டியலிலோ அடையாள அட்டையிலோ சட்டப் பிரிவிலோ ஏறிவிடுவது. இதற்கப்புறம் அந்தச் சொல்லைப் பயன்படுத்த கோபம் தேவையில்லை. ஒரு எழுத்தர் போதும்.

இவற்றுக்கிடையே நகர்வு உண்டு. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அதிலிருந்து பிறந்த 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்ற கேலி இந்தியா முழுக்கக் கட்சித் தாவலுக்கே பெயராகிவிட்டது. 1985-ல் 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது தடுக்க வேண்டிய செயல் எது என்று விளக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. கேலிதான், ஆனால் அது ஒரு செயலைச் சுட்டியது. ஒருவர் கட்சி மாறினாரா இல்லையா என்று சரிபார்க்க முடியும். சிக்கல் தொடங்குவது சரிபார்க்க முடியாத பெயர்களில்.

## ஏதென்ஸின் பானைச் சில்லுகள்

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஒரு வினோத வாக்கெடுப்பு இருந்தது. ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவரின் பெயரை உடைந்த பானைச் சில்லில் கீறிப் போட வேண்டும். அதிகச் சில்லு வாங்கியவர் 10 ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும். சொத்து பறிபோகாது. பெயரை மட்டும் எழுதினால் போதும். ஆனால் அகழாய்வில் கிடைத்த சில்லுகளைப் பார்த்தால் சிலர் அத்தோடு நிற்கவில்லை. 'துரோகி' என்று எழுதியிருக்கிறார்கள். கல்லியாஸ் என்பவரின் பெயருக்குப் பக்கத்தில் 'மேதியன்' என்று சேர்த்திருக்கிறார்கள். ஒரு சில்லில் பாரசீக உடையில் ஒரு வில்லாளியின் படம்கூட இருக்கிறது.

மேதியன் என்றால் அன்றைய கிரேக்கர் பேச்சில் பாரசீகன், அதாவது மாரத்தான் போரில் ஏதென்ஸை எதிர்த்து நின்ற படையைச் சேர்ந்தவன். உள்ளூர் எதிராளியை வெளிநாட்டு எதிரியோடு முடிச்சுப் போடும் இந்த உத்தி பின்னால் வரும் ஒவ்வொரு நூற்றாண்டிலும் தென்படுகிறது. கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரைத் தோற்கடித்த தெமிஸ்டோக்ளீஸே பிறகு பாரசீகச் சார்பாளர் என்று குற்றம் சாட்டப்பட்டார். தப்பி ஓடிய அவர் கடைசியில் போய்ச் சேர்ந்தது பாரசீக மன்னரிடம். முத்திரை அவரைத் துரத்தித் துரத்தியே தன்னை மெய்யாக்கிக்கொண்டது.

கி.மு. 427-ல் கோர்சிரா தீவில் மூண்ட உள்நாட்டுச் சண்டையை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விவரிக்கும் பகுதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கண்மூடித்தனமான துணிச்சலை வீரம் என்றார்கள், பொறுத்து யோசிப்பதைக் கோழைத்தனம் என்றார்கள், நிதானமாகப் பேசியவனை ஆண்மையற்றவன் என்றார்கள் என எழுதுகிறார். நடுவில் நின்றவர்களை இரண்டு தரப்புமே அழித்தன என்பதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். முத்திரைப் போரில் முதலில் காலியாகும் இடம் நடுப்பகுதி.

ரோமில் இது சட்டமானது. கி.மு. 88-ல் படையோடு நகருக்குள் நுழைந்த சுல்லா, தன் போட்டியாளர் மாரியஸையும் அவருடைய கூட்டாளிகளையும் நாட்டின் எதிரிகள் என்று செனட் சபையை அறிவிக்க வைத்தார். 'எதிரி' என்பது அதுவரை வெளிநாட்டானுக்கு உரிய சொல். அது குடிமகன்மேல் விழுந்ததும், விசாரணை கேட்கும் உரிமை போய்விட்டது. யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம். மாரியஸ் ஆப்பிரிக்காவுக்குத் தப்பினார். அவருடைய கூட்டாளி சுல்பிசியஸ் கொல்லப்பட்டார். மறு ஆண்டே காற்று திசை மாறி, சுல்லாவே நாட்டின் எதிரி என்று அறிவிக்கப்பட்டார். இந்த ஆயுதத்தைச் செய்தவர் கையிலேயே அது நெடுநாள் தங்கியதில்லை.

## வசை கொடியாகும் இடம்

இனி மறுபக்கம். 1566 ஏப்ரல் 5 அன்று நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சில நூறு சிறு பிரபுக்கள் பிரஸ்ஸல்ஸில் திரண்டு, ஸ்பெயின் மன்னர் சார்பாக ஆட்சி நடத்திய பார்மா மார்கரெட்டிடம் மனு கொடுத்தார்கள். மத விசாரணைக் கொடுமைகளைத் தளர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. கூட்டத்தைப் பார்த்து அவர் கலங்க, ஆலோசகர் பெர்லைமோன் 'இந்தப் பிச்சைக்காரர்களைக் கண்டா பயப்படுகிறீர்கள், அம்மணி?' என்றதாக வழக்கு. சில நாளில் நடந்த விருந்திலேயே அந்தப் பிரபுக்கள் 'பிச்சைக்காரர்கள் வாழ்க' என்று கோப்பையை உயர்த்தினார்கள். பிச்சைப் பாத்திரமும் தோள்பையும் அவர்களுடைய சின்னமாயின. பதக்கமாகச் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் கடலில் இறங்கிப் போரிட்டவர்களுக்குக் 'கடல் பிச்சைக்காரர்கள்' என்ற பெயரே நிலைத்தது. 1572 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரீல் துறைமுகத்தை அவர்கள் பிடித்ததுதான் டச்சு விடுதலைப் போரின் பெரிய திருப்பம்.

ஏன் இது எடுபட்டது? அவர்கள் உண்மையில் பிச்சைக்காரர்கள் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும். பொய்யான வசையைத் தூக்கிச் சுமப்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது. அதோடு, வசைபாடியவனின் அகந்தையை ஊருக்குக் காட்டும் வசதியும் இருக்கிறது.

இங்கிலாந்தில் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே இரண்டு தரப்புமே வசையைத்தான் பெயராக வைத்துக்கொண்டன. 1679 முதல் 1681 வரை, இரண்டாம் சார்லஸ் மன்னரின் தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர் என்பதால் அவரை அரியணை வரிசையிலிருந்து விலக்க வேண்டுமா என்ற சண்டை நடந்தது. விலக்கக் கூடாது என்றவர்களை 'டோரி' என்றார்கள். அயர்லாந்தில் நிலம் இழந்து வழிப்பறி செய்து வாழ்ந்த கத்தோலிக்கக் கூட்டத்துக்கு உரிய பெயர் அது. விலக்க வேண்டும் என்றவர்களை 'விக்' என்றார்கள். அது ஸ்காட்லாந்தில் மன்னரை எதிர்த்துக் கிளம்பிய தீவிர சீர்திருத்தச் சபையினருக்கு உரிய பெயர். இரண்டுமே ஏதென்ஸின் 'மேதியன்' உத்திதான்: நீ எங்கள் ஆள் இல்லை, எல்லைக்கு அப்பாலிருக்கும் அந்தக் கலகக்காரனின் ஆள்.

இருவரும் நாடாளுமன்றத்தில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், மாறி மாறி ஆட்சிக்கும் வந்தார்கள். வசையின் முள் உதிர்ந்து, பெயர் மட்டும் மிஞ்சியது. 1859-ல் விக்குகள் லிபரல் கட்சிக்குள் கரைந்தார்கள். கன்சர்வேட்டிவ் கட்சியினரை ஊடகங்கள் இன்றும் டோரி என்றுதான் எழுதுகின்றன. பெயரின் பின்னால் ஐரிஷ் வழிப்பறிக்காரன் நிற்பது பெரும்பாலோருக்கு நினைவில் இருக்காது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது உழைக்கும் மக்கள் பிரபுக்களைப் போல முழங்கால்வரையிலான பட்டுக் காற்சட்டை அணியவில்லை. நீளக் காற்சட்டை அணிந்தார்கள். அதை வைத்துக் கேலியாகத் தொடங்கியது 'சான்-குலோத்', அதாவது முழங்கால் காற்சட்டை இல்லாதவர், என்ற பெயர். 1793-ல் புரட்சி அரசு புது நாட்காட்டி கொண்டுவந்தபோது, மாதங்களுக்குள் அடங்காத ஆண்டு இறுதி நாட்களுக்கு இந்தப் பெயரையே சூட்டியது. ஒரு வசை நாட்காட்டியில் விழா நாளாக ஏறியது அநேகமாக அது ஒன்றுதான்.

பிற்காலத்தில் இதே போக்குப் பலமுறை நடந்தது. 1906-ல் லண்டனின் டெய்லி மெயில் நாளிதழ், வாக்குரிமை கேட்டுத் தீவிரமாகப் போராடிய பெண்களைச் சிறுமைப்படுத்த 'சஃப்ரஜெட்' என்ற சொல்லை உருவாக்கியது. 1912-ல் எம்மலின் பாங்க்ஹர்ஸ்டின் இயக்கம் அந்தப் பெயரிலேயே பத்திரிகை தொடங்கியது. 1945-ல் அர்ஜென்டினாவில் அரசியல் தலைவர் பெரோனுக்காகத் தெருவில் இறங்கிய தொழிலாளர்களை எதிர்த்தரப்பு 'சட்டையில்லாதவர்கள்' என்று இகழ, பெரோன் அதைத் தன் தொண்டர்களின் செல்லப்பெயராக்கிக்கொண்டார். 1976 ஜனவரியில் சோவியத் ராணுவ நாளிதழ் மார்கரெட் தாட்சரை 'இரும்புப் பெண்மணி' என்று எழுதியது. ஒரே வாரத்தில் அவர் மேடையில் அதை ஏற்றுப் பேசினார். 2016 செப்டம்பரில் ஹிலாரி கிளிண்டன் டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரைச் சகிக்க முடியாதவர்கள் என்ற பொருளில் 'டெப்ளோரபிள்ஸ்' என்று ஒரு கூடையில் போட்டுப் பேசினார். அந்தச் சொல் அச்சடித்த சட்டைகள் உடனே விற்பனைக்கு வந்தன.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பொதுவான நிலைமைகள் தெரிகின்றன.

1. வசை வாங்கியவர்களுக்குப் பதில் பேச மேடை இருந்தது: பத்திரிகை, நாடாளுமன்றம், கப்பல், தெரு, ஏதோ ஒன்று.

2. வசை, வாங்கியவரைவிடப் பாடியவரின் மேட்டிமைத்தனத்தை அதிகம் காட்டிக்கொடுத்தது.

3. வசையைப் பதிவேட்டில் ஏற்றி ஆட்களைத் தேடிப் பிடிக்கும் எந்திரம் எதிர்த்தரப்பிடம் இல்லை, அல்லது இருந்தாலும் முழுதாக வேலை செய்யவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். டச்சுப் பிச்சைக்காரர்களில் பலர் ஸ்பெயின் தரப்பின் கையில் சிக்கி மாண்டார்கள். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிக் கடலில் திரிந்தவர்களை ஸ்பெயினால் எட்ட முடியவில்லை.

## பெயரை விட்டுக்கொடுத்தவர்கள்

பெயர் சூட்டும் உரிமையை எதிராளியிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1903 நல்ல உதாரணம். ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் இரண்டாவது மாநாடு பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்தது. உறுப்பினர் விதி குறித்த வாக்கெடுப்பில் வென்றது மார்த்தோவ் தரப்பு. பிறகு சிலர் வெளிநடப்புச் செய்ததால், இஸ்க்ரா பத்திரிகையின் ஆசிரியர் குழு பற்றிய வாக்கெடுப்பில் லெனின் தரப்பு வென்றது. அந்த ஒரு வெற்றியை வைத்து லெனின் தரப்பு 'பெரும்பான்மையினர்', அதாவது போல்ஷெவிக் என்று தங்களை அழைத்துக்கொண்டது. 'சிறுபான்மையினர்', அதாவது மென்ஷெவிக் என்ற பெயரை மார்த்தோவ் தரப்பு ஏற்றுக்கொண்டது. பின்னர் பல சமயங்களில் அவர்களுக்கே ஆதரவு அதிகம் இருந்தும், பெயரில் நிரந்தரச் சிறுபான்மைதான். இதில் வசையே இல்லை. எண்ணிக்கையைச் சொல்லும் சாதாரணச் சொல்லே வேலையைச் செய்துவிட்டது.

## வசை கோப்பாகும் இடம்

ரஷ்ய மொழியில் 'குலாக்' என்றால் முஷ்டி. புரட்சிக்கு முன்பே கிராமத்தில் வட்டிக்குக் கொடுத்து மற்றவர்களைக் கசக்கும் ஆளை அப்படிச் சொல்வார்கள். உழவர் பேச்சில் புழங்கிய இந்த வசை 1920-களின் இறுதியில் அரசுச் சொல்லானது. அது எப்படி நகர்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது பயன்படும்.

1. வரையறை. 1929 மே மாதம் சோவியத் அரசு குலாக் குடும்பத்துக்கான அடையாளங்களை வகுத்தது: கூலிக்கு ஆள் வைப்பது, ஆலை வைத்திருப்பது, இயந்திரத்தை வாடகைக்கு விடுவது, வியாபாரம், வட்டி. ஓரளவு வசதியான எந்த உழவனும் இதில் ஏதாவது ஒன்றில் சிக்குவான்.

2. அறிவிப்பு. 1929 டிசம்பர் 27 அன்று, குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழிப்பது என்ற கொள்கையை ஸ்டாலின் அறிவித்தார். தனி மனிதர் என்ன செய்தார் என்ற கேள்வி அத்தோடு முடிந்தது.

3. ஒதுக்கீடு. 1930 ஜனவரி 30 அன்று கட்சியின் உயர்மட்டக் குழு குலாக்குகளை மூன்று பிரிவாக்கியது. முதல் பிரிவுக்கு 60,000 பேர், முகாம் அல்லது மரண தண்டனை. இரண்டாம் பிரிவுக்கு 1,50,000 குடும்பங்கள், தொலைதூரப் பகுதிகளுக்கு நாடுகடத்தல். மூன்றாம் பிரிவினருக்கு அதே வட்டாரத்தில் மோசமான நிலத்துக்கு மாற்றம். ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே எண்ணிக்கை வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையை நிரப்புவது உள்ளூர் அதிகாரிகளின் பொறுப்பு.

4. நீட்சி. உழவர் நிலங்களை ஒன்றுசேர்க்கும் அரசின் கூட்டுப்பண்ணையை ஏழை உழவர்களே எதிர்த்தபோது, அவர்களைக் குலாக் என்று சொல்ல வழியில்லை. அதற்காகக் 'குலாக்கின் கையாள்' என்ற துணைமுத்திரை வந்தது. இனி சொத்தே தேவையில்லை.

1930, 1931 என்ற இரண்டு ஆண்டுகளில் மட்டும் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டார்கள். நான்காவது படி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்கிறது. ஒரு முத்திரை தன் சொந்த வரையறைக்குள் அடங்காதவர்களையும் இழுக்க ஆரம்பித்தால், அது யாரையும் விவரிக்கவில்லை; ஆள் பிடிக்கும் கருவியாகிவிட்டது.

'மக்களின் எதிரி' என்ற முத்திரையும் இதே குடும்பம்தான். பிரெஞ்சுப் புரட்சியின் 1794 ஜூன் மாதச் சட்டம் மக்களின் எதிரிகளுக்கு ஒரே தண்டனை, மரணம், என்று வைத்தது. சாட்சி விசாரணையையும் பெயருக்குச் சுருக்கியது. சோவியத்தில் அது 1936 அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்றது. 1956 பிப்ரவரி 25 அன்று சோவியத் தலைவர் குருஷேவ் கட்சி மாநாட்டின் மூடிய அமர்வில் பேசியபோது இந்தச் சொல்லையே தனியாக எடுத்துத் தாக்கினார். அது வந்ததும் எதிராளியின் கருத்து தவறு என்று நிரூபிக்கும் தேவை தானாகவே இல்லாமல் போனது என்பது அவருடைய வாதம். அந்த அடக்குமுறையில் தானும் பங்குபெற்றவர் என்பதால் அவருடைய நேர்மையைச் சந்தேகிக்கலாம். சொன்னது சரிதான்.

சீனாவில் இந்த எந்திரத்துக்கு மக்கள் பேச்சில் ஒரு படிமமே உண்டு: தொப்பி. ஒருவருக்கு முத்திரை குத்துவதைத் தொப்பி மாட்டுவது என்பார்கள். 1957-ல் கட்சியை விமர்சிக்கச் சொல்லி அழைப்பு விட்ட பிறகு, விமர்சித்தவர்கள்மேல் வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் பாய்ந்தது. அதிகாரபூர்வக் கணக்குப்படியே 5.5 லட்சம் பேருக்கு மேல் 'வலதுசாரி' தொப்பி மாட்டப்பட்டது. பலர் பதவி இழந்து கிராமங்களுக்கும் உழைப்பு முகாம்களுக்கும் போனார்கள். நிலப்பிரபு, பணக்கார விவசாயி, எதிர்ப்புரட்சியாளர், தீயவர், வலதுசாரி என்ற ஐந்து 'கறுப்பு' வகைகளில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கலாச்சாரப் புரட்சியின்போது பிள்ளைகளின் படிப்பும் வேலையும்கூட அதைப் பொறுத்தே அமைந்தன.

1959 முதல் சிலருக்குத் தொப்பி கழற்றப்பட்டது. அதற்கப்புறம் அவர்கள் 'தொப்பி கழற்றப்பட்ட வலதுசாரிகள்' ஆனார்கள். கழற்றியதே இன்னொரு தொப்பி. 1978 முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலானோரின் வழக்கு மறுபரிசீலனை செய்யப்பட்டு, முத்திரை தவறு என்று கோப்பில் திருத்தப்பட்டது. 20 ஆண்டுகளுக்குமேல் கழிந்திருந்தது. கோப்பில் ஏறிய வசையைக் கேலி செய்தோ பெருமையாக ஏந்தியோ உதற முடியாது. இன்னொரு அரசாணைதான் இறக்க வேண்டும்.

## அரசு இல்லாமலும் பட்டியல் உண்டு

பதிவேடு அரசிடம் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை. 1950 பிப்ரவரி 9 அன்று அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, தன் நாட்டு வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகவும் தன்னிடம் பட்டியல் இருப்பதாகவும் பேசினார். எண்ணிக்கை 205 என்று ஒரு நாள், 57 என்று இன்னொரு நாள். அதே ஆண்டு ஜூனில் தனியார் வெளியீடாக வந்த ஒரு கையேடு, வானொலி, தொலைக்காட்சி, நாடகத் துறைகளில் 151 பேரைக் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று பெயர் போட்டுப் பட்டியலிட்டது. அதற்குச் சட்ட அந்தஸ்து எதுவும் கிடையாது. விளம்பரதாரர்களும் நிறுவனங்களும் அதை எடுத்து வைத்துக்கொண்டு வேலை கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். மேல்முறையீடு செய்ய நீதிமன்றமே இல்லாத தண்டனை.

அதே 1950-ல் கலிஃபோர்னியா செனட் தேர்தலில் ரிச்சர்ட் நிக்சன் தன் எதிர்வேட்பாளர் ஹெலன் டக்ளஸைச் 'சிவப்பு', அதாவது கம்யூனிஸ்ட், என்று சொல்லாமல் 'இளஞ்சிவப்பு' என்றார். துண்டறிக்கையையும் இளஞ்சிவப்புத் தாளிலேயே அடித்தார். அந்தத் தேர்தலில்தான் நிக்சனுக்குத் 'தந்திரக்கார டிக்' என்ற பெயரும் ஒட்டியது. அவர் வென்றார், பெயர் மட்டும் கடைசிவரை விடவில்லை.

'மெக்கார்த்தியிசம்' என்ற சொல்லும் ஒரு முத்திரைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. 1950 மார்ச்சில் ஹெர்ப்ளாக் என்ற கேலிச்சித்திரக்காரர் தன் படத்தில் எழுதிய சொல் அது. மெக்கார்த்தி அதைப் பெருமையாக ஏந்திப் பார்த்தார். 1952-ல் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் போட்டார். 1954 டிசம்பரில் செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. வசையை ஏந்தியவர்கள் எல்லோரும் ஜெயித்துவிடுவதில்லை.

## குத்தியவரின் கண்ணையே மறைக்கும் முத்திரை

1928 முதல், மாஸ்கோ தலைமையிலான உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம் சமூக ஜனநாயகக் கட்சிகளைச் 'சமூக பாசிஸ்ட்' என்று அழைத்தது. பாசிசமும் சமூக ஜனநாயகமும் ஒரே மரத்தின் கிளைகள் என்பது கோட்பாடு. ஜெர்மானிய சமூக ஜனநாயகத் தலைவர் குர்ட் ஷூமாகர் 1930-ல் பதிலுக்குக் கம்யூனிஸ்டுகளைச் சிவப்பு வண்ணம் பூசிய நாஜிகள் என்றார்.

1932 நவம்பர் தேர்தல் முடிவு இது: நாஜிகள் 33.1 சதவீதம், சமூக ஜனநாயகக் கட்சி 20.4, கம்யூனிஸ்ட் கட்சி 16.9. இரண்டு இடதுசாரிக் கட்சிகளின் கூட்டுத்தொகை நாஜிகளைவிட அதிகம். இந்த இரண்டும் சேராததற்கு முத்திரை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. 1919-ல் சமூக ஜனநாயக அரசு கம்யூனிஸ்ட் எழுச்சியை ஒடுக்கியபோது சிந்திய ரத்தத்தின் நினைவு, மாஸ்கோவின் கட்டளை, பொருளாதாரச் சரிவு எல்லாம் இருந்தன. ஆனால் பக்கத்துக் கட்சிக்காரனுக்கு 'பாசிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்ட பிறகு, நிஜப் பாசிஸ்ட் வாசலில் வந்து நிற்கும்போது அவனைச் சொல்லத் தனிப் பெயர் மிச்சமில்லை. 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதமரானார். 1935-ல்தான் அகிலத்தின் ஏழாவது மாநாடு பாசிசத்துக்கு எதிரான மக்கள் முன்னணி என்ற நிலைக்கு மாறியது. அதற்குள் ஜெர்மனியில் சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே வதைமுகாம்களில் இருந்தார்கள்.

## மனிதரிலிருந்து கீழே

விலங்குப் பெயர் வைப்பது எல்லாமே ஆபத்து அல்ல. 1828-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கழுதை என்றார்கள். 1870-ல் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரத்துக்குப் பிறகு கழுதையே அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் சின்னமாக நிலைத்தது. கழுதையை யாரும் ஒழிக்கக் கிளம்புவதில்லை. பூச்சி, புழு, கிருமி என்றால் கதை வேறு. அந்தப் பெயர்களுக்குள்ளேயே என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஒளிந்திருக்கிறது.

ருவாண்டாவில் 'இன்யென்சி', அதாவது கரப்பான்பூச்சி, 1960-களில் நாட்டுக்கு வெளியிலிருந்து ஊடுருவித் தாக்கிய துட்சி இன ஆயுதக் குழுவினருக்கு உரிய பெயராக இருந்தது. 1990-களில் அது துட்சி மக்கள் எல்லோர்மேலும் பரவியது. 1993-ல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. துட்சிகளுக்கு இன்னொரு பாதகமும் இருந்தது: அடையாள அட்டையில் இனம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. வசை வானொலியில், பதிவு சட்டைப்பையில். 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்த இனப்படுகொலையில் கொல்லப்பட்டோர் சுமார் 8 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2003 டிசம்பரில் சர்வதேசத் தீர்ப்பாயம் ஊடகத்தோடு தொடர்புடைய மூவரைக் குற்றவாளிகள் என்றது. ஆயுதம் எடுக்காமல் சொல்லால் செய்த வேலைக்காகத் தண்டனை என்பதற்கு முன்னுதாரணம் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம்: யூத வெறுப்புப் பத்திரிகை நடத்திய ஜூலியஸ் ஸ்ட்ரெய்ச்சர் 1946-ல் தூக்கிலிடப்பட்டார்.

## சொற்பட்டியல் போட்டுத் தடுக்க முடியுமா?

நாடாளுமன்றங்கள் நெடுங்காலமாக முயன்று வருகின்றன. பிரிட்டனில் சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. 1906-ல் வின்ஸ்டன் சர்ச்சில் 'சொற்பயன்பாட்டுத் துல்லியமின்மை' என்ற சுற்றுவழித் தொடரை அவையில் பயன்படுத்தினார். அதுவே பிறகு பொய்க்கு நாகரிகப் பெயராகிவிட்டது. 2016-ல் டென்னிஸ் ஸ்கின்னர் என்ற உறுப்பினர் பிரதமர் கேமரூனைப் பட்டப்பெயர் சொல்லி அழைத்து, திரும்பப் பெற மறுத்ததால் அன்றைக்கு அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மறுநாள் எல்லா ஊடகங்களிலும் அந்தப் பட்டப்பெயர்தான்.

இந்தியாவில் மக்களவை விதி 380, இழிவான அல்லது நாகரிகமற்ற சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரத்தைச் சபாநாயகருக்குத் தருகிறது. அப்படி நீக்கப்பட்ட சொற்களைச் செயலகம் தொகுத்து வெளியிடும். 2022 ஜூலையில் வந்த தொகுப்பில் 'ஜும்லாஜீவி' (வெற்று வாக்குறுதியால் பிழைப்பவர்), 'கோவிட் பரப்புபவர்' போன்றவற்றோடு, 'ஊழல்', 'வெட்கக்கேடு', 'பாசாங்கு' என்ற பொருள்தரும் அன்றாடச் சொற்களும் இருந்தது சர்ச்சையானது. எந்தச் சொல்லுக்கும் தடையில்லை, சூழலைப் பொறுத்தே நீக்கம் என்று சபாநாயகர் ஓம் பிர்லா விளக்கினார். அந்த விளக்கம் நியாயமானது. பட்டியலின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. 'ஜும்லாஜீவி' அந்தப் பட்டியலில் உண்டு. குலாக், வலதுசாரி, பெரும்பான்மை, சிறுபான்மை என்ற நான்கு சொற்களையும் எந்த அவையிலும் எந்தச் சபாநாயகரும் நீக்கியிருக்க மாட்டார்.